எட்டுக் கரண்டிச் சீனி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் முழுவதும் வெண்கட்டியில்தான் நடந்தது. வாத்தியார் கரும்பலகையில் ஒரு கிளாஸ் வரைவார். அதற்குள் அலை அலையாக நாலு கோடு இழுத்தால் தண்ணீர். மேலே பொடிப்பொடியாகப் புள்ளி வைத்தால் சீனி. பக்கத்தில் ஒரு கரண்டியையும் வரைந்துவிட்டு, "இப்ப கலக்குறோம்" என்று சொல்லிக்கொண்டே துணியால் அந்தப் புள்ளிகளைத் துடைப்பார். "கரைஞ்சிருச்சு" என்பார். நாங்களும் ஒரே குரலில் "கரைஞ்சிருச்சு" என்று கத்துவோம். இப்படிக் கரண்டிக்கு ஒன்றாக எட்டுத் தடவை புள்ளி வைத்து எட்டுத் தடவை துடைப்பார். ஒன்பதாவது தடவை வைத்த புள்ளிகளை மட்டும் துடைக்காமல் கிளாஸின் அடியில் விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார். "இதுக்கு மேல கரையாது. இதுக்குப் பேருதான் நிரம்பிய கரைசல்." ஏன் கரையாது என்று கேட்டால் பிரம்பு பதில் சொல்லும். அவர் துடைக்கவில்லை, அதனால் கரையவில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. ஆனால் பிரம்போடு யார் வாதாடுவது?

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஒரே கரும்பலகை. மழைக்காலத்தில் தகரக் கூரையில் விழும் சத்தத்தில் அவர் பேசுவது கேட்காது. அதனால் யாருக்கும் பெரிய நட்டம் வந்ததாக எனக்கு நினைவில்லை. காலையில் பாதி நேரம் தோட்டத்து ஆபீசில் கடிதம் எழுதிக் கொடுப்பார். மிச்சப் பாதியில் எங்களுக்குக் கல்வி கொடுப்பார். இரண்டில் எதை அக்கறையாகச் செய்தார் என்று அவரைக் கேட்டால் அவரே வெட்கமில்லாமல் சொல்லியிருப்பார்.

விஞ்ஞானப் பாடத்துக்கென்று மேலிடத்திலிருந்து ஒரு மரப்பெட்டி வந்திருந்தது. கண்ணாடிக் குடுவை, வடிதாள், புனல், குப்பி என்று அதற்குள் எல்லாம் இருந்ததாகச் சொன்னார்கள். பெட்டியை வகுப்பில் வைத்தால் நாங்கள் உடைத்துவிடுவோம் என்று வாத்தியார் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் அவர் வீட்டுக்கு விறகு கொண்டுபோய்ப் போடச் சொல்லி அனுப்பியபோது பார்த்தேன்: மூன்று குடுவையிலும் அவர் மனைவி எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருந்தார். அடியில் உப்பு கரையாமல் படிந்து கிடந்தது. எங்கள் தோட்டத்தில் நிரம்பிய கரைசல் பற்றி உண்மையிலேயே நடந்த ஒரே சோதனை அந்த ஊறுகாய்தான். அதைச் செய்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இந்த லட்சணத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் சீனியைத் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் யாரும் சீனியைத் தேத்தண்ணியில் போடமாட்டார்கள். போட்டுக் கலக்கினால் ஒரு கிளாஸுக்கு இரண்டு கரண்டி போய்விடும். அதையே ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்து, நாக்கு நுனியால் ஒரு தொடு தொட்டு, ஒரு மடக்குச் சாயத் தேத்தண்ணி குடித்தால், அந்தச் சிட்டிகையிலேயே முழுக் கிளாஸும் இறங்கிவிடும். கடைசி மடக்குக்கென்று நாலைந்து சீனி மணிகளை விரல் இடுக்கில் ஒதுக்கி வைப்பதில் நான் கெட்டிக்காரி. விருந்தாளி வந்தாலும் அதே கதைதான். கிளாஸ் ஒரு பக்கம், சீனி ஒரு பக்கம். வந்தவர் கையை நீட்டுவார், நாம் கொட்டுவோம். எங்களுக்குச் சீனியின் இடம் கை. அதைக் கிளாஸுக்குள் போடுவதும், போட்ட பிறகு அது காணாமல் போவதும் வாத்தியார் வீட்டுச் சங்கதி. அவர் வீட்டில் பாலும் சீனியும் போட்டுக் கலக்கித்தான் குடிப்பார்கள். அந்தக் கிளாஸை ஒரு நாள் வகுப்புக்குக் கொண்டுவந்து கலக்கிக் காட்டியிருந்தால் பாடம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு அந்தச் சீனி வெண்கட்டியைவிடப் பெரிய பொருள்.

கலவைகளைப் பிரிப்பது பற்றிய பாடமும் இப்படித்தான். அரிசியில் கல் கலந்திருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டார். "அம்மா தண்ணியில அரிச்சு எடுப்பாங்க சார், அரிசி மேல வரும், கல்லு அடியில நிக்கும்" என்றேன். "புத்தகத்துல சல்லடைன்னு போட்டிருக்கு" என்று முட்டியில் ஒன்று வைத்தார். கடையில் வாங்கும் கல்லுப்பில் மண் இருக்கும். அதை என் அம்மா சட்டியில் கரைத்து, மண் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த தண்ணீரைக் குழம்புக்கு ஊற்றுவார். கரைத்தல், படியவிடுதல், தெளிய வடித்தல் என்று புத்தகம் மூன்று பெரிய பெயர் வைத்திருந்த காரியத்தை, மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும் அவசரத்தில், கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே செய்து முடிப்பார். பள்ளிக்கூடத்தில் அது விஞ்ஞானம் ஆகாது. ஏனென்றால் அதை யாரும் துணியால் துடைக்கவில்லை.

ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கு ஒரே வழிதான்: தோட்ட வேலைக்குப் பேர் பதிந்து, கூடையை மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்பது. என் அக்கா அப்படித்தான் போனாள். அவள் கைவிரல்கள் கறுத்து வெடித்துப்போனதை நான் தினமும் பார்த்தேன். அந்த வருடம் ஹட்டனில் இருந்த ஒரு பள்ளிக்கூடம், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஒரு பிள்ளையை ஆறாம் வகுப்பில் சேர்த்து விடுதியிலும் இடம் கொடுக்கப்போவதாகச் செய்தி வந்தது. ஒரே ஒரு பிள்ளை. ஒவ்வொரு தோட்டத்து வாத்தியாரும் தன் வகுப்பிலிருந்து ஒருவரை அனுப்பலாம். எங்கள் வாத்தியார் என்னை அனுப்பினார். எனக்கு மூளை இருந்ததால் அல்ல. சொன்னதைச் சொன்னபடி ஒப்பிப்பதில் நான் முதல். அவருக்கு அதுதான் மூளை.

போவதற்கு முதல் நாள் என்னைக் கூப்பிட்டு உபதேசம் செய்தார். "ஹட்டன்ல என்ன கேட்டாலும் புத்தகத்துல உள்ளத மட்டும் சொல்லு. ஒன் மூளைய அங்க கொண்டுகிட்டுப் போகாத." அவர் எனக்குச் சொன்ன புத்திமதிகளில் பலித்தது இது ஒன்றுதான்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலையில் இருந்த அப்பா கங்காணியிடம் கெஞ்சி ஒரு நாள் விடுப்பு வாங்கினார். விடிவதற்கு முன்னால் நடந்து, பஸ் ஏறி ஹட்டனில் இறங்கியபோது சாரல் ஊசியாகக் குத்தியது. எனக்கு வயிற்றில் ஒன்றுமில்லை. பயத்தில் காலை ரொட்டியைத் தொடவே இல்லை. பள்ளிக்கூட வாசலில் அப்பா, "கெடச்சா படி. கெடைக்கலன்னா அக்காவோட போ. நா ஒன்னும் சொல்லமாட்டேன்" என்றார். அதை அவர் சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

உள்ளே ஆறு பிள்ளைகள் இருந்தோம். நீளமான மேசை, பெஞ்சு. என் பக்கத்தில் உட்கார்ந்தவன் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு மைல் கீழே இருந்த தோட்டத்துப் பையன். காலையில் அதே பஸ்ஸில் அவன் அம்மாவோடு வந்ததைப் பார்த்திருந்தேன். காது வரைக்கும் எண்ணெய் வழிய வாரியிருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். இவனெல்லாம் எனக்குப் போட்டியா என்று நினைத்தேன். எனக்கு அப்போதே வாய்க்கொழுப்பும் மனக்கொழுப்பும் அதிகம்.

பரீட்சை வைத்தவர் விஞ்ஞான டீச்சர். வடக்கிலிருந்து வந்தவர், பேச்சும் அந்தப் பக்கத்துத் தமிழ், வெள்ளைச் சேலை, கையில் கடிகாரம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய பொருளைக் கொண்டுதான் சோதனை வைக்க வேண்டும் என்று அவர் பெரிய மனது பண்ணி முடிவு செய்திருந்தாராம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எங்களுக்குப் பழகிய பொருள் எது? தேயிலை. ஆகவே ஆறு பேர் முன்னாலும் ஆறு கிளாஸ் ஆவி பறக்கும் தேத்தண்ணியை வைத்தார்கள். பக்கத்தில் ஆறு சோசரில் சீனி, ஆளுக்கு ஒரு கரண்டி. வைத்துவிட்டு, எங்கள் பெயர்ப் பட்டியலை எடுத்துவர டீச்சர் வெளியே போனார். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். படித்தவர்களுக்கு அது தோன்றாது.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இவ்வளவு சீனியை யாரும் எங்கள் முன்னால் வைத்ததில்லை. ஹட்டன்காரர்கள் நல்ல மனிதர்கள் என்று நான் முடிவு கட்டினேன். குளிரில் வந்த பிள்ளைகளுக்கு முதலில் தேத்தண்ணி கொடுக்கத் தெரிந்திருக்கிறதே! முதலில் கையை நீட்டியது நான்தான், அதை மறைக்கப்போவதில்லை. சோசரைச் சரித்து உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு நக்கி, ஒரு மடக்குக் குடித்தேன். பக்கத்துப் பையன் என்னைப் பார்த்துச் செய்தான். அவனைப் பார்த்து மற்ற நாலு பேரும் செய்தார்கள். சுடச்சுட இறங்கியது. நானும் அக்காவும் ஒரு வாரம் தொட்டுக் குடிக்கக்கூடிய சீனியை நான் ஒரே மூச்சில் முடித்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு நடந்த காரியங்களில் இன்றைக்கும் வெட்கப்படாமல் நினைக்கக்கூடியது அது ஒன்றுதான்.

டீச்சர் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். மேசையில் ஆறு காலிக் கிளாஸ். ஆறு பேரும் கையை நக்கிக்கொண்டிருந்தோம்.

"ஆர் உங்களைக் குடிக்கச் சொன்னது?" என்று கத்தினார். அடுத்த அறைப் பக்கம் திரும்பி, "இஞ்ச வந்து பாருங்கோ! சோதனைச் சாமானை ஆறும் குடிச்சுப் போட்டுதுகள்!" என்றார். இரண்டு ஆசிரியர்கள் ஓடிவந்து பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மற்றவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, சிரிப்பு தெரியும். பசியோடு வந்த பிள்ளைகள் முன்னால் சீனியை வைத்துவிட்டு அது பரீட்சை என்றால், முட்டாள் யார்? உப்பும் தண்ணீரும் வைத்திருந்தால் நாங்கள் தொட்டிருக்கவே மாட்டோம். இதை அன்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பிறகு நூறு தடவை மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். அதனால் யாருக்கு என்ன?

இன்னொரு தடவை வைத்தார்கள். இந்தத் தடவை டீச்சர் எங்கள் தலைக்கு மேலேயே நின்றார். ஒவ்வொரு சோசரிலும் மட்டமாகப் பத்துக் கரண்டிச் சீனி. ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் கலக்க வேண்டும், எத்தனை கரண்டிக்கு மேல் கரையாமல் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கேள்வியைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. எட்டு! தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் கலக்க ஆரம்பித்தேன்.

சீனியைத் தண்ணீரில் போடுவது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு கரண்டி போடும்போதும் மனம் பதைத்தது, வீணாகிறதே என்று. அதனால் ஒரு மணிகூட மிஞ்சக்கூடாது என்று கூழ் கிண்டுவதுபோல் பலமாகக் கலக்கினேன். தேத்தண்ணி கறுப்பு. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கரண்டியை அடிவரை விட்டுத் துழாவினால் சீனி இருந்தால் நெறநெறக்கும், இல்லாவிட்டால் வழுக்கும். ஆறு போட்டேன், வழுக்கியது. எட்டுப் போட்டேன், வழுக்கியது. ஒன்பதாவது போட்டபோது கொஞ்சம் நெறநெறத்தது. அப்பாடா என்றிருந்தது. இன்னும் இரண்டு சுற்றுக் கலக்கினேன், அதுவும் போய்விட்டது. எனக்கு வியர்த்தது. பத்தையும் போட்டேன். பத்தும் போய்விட்டது. கிளாஸ் இன்னும் கேட்டது.

உண்மை என்னவென்றால், சூடான ஒரு கிளாஸ் தேத்தண்ணி தன் எடையைவிட அதிகமான சீனியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பல வருடம் கழித்து, ஆசிரியர் கலாசாலையில் படித்தபோது நானே செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். எட்டுக் கரண்டி என்பது யாரோ ஒரு சோம்பேறி, ஆறிய தண்ணீரில் விருந்தாளிக்குக் கலக்குவதுபோல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு எழுதியது. அதை இன்னொரு சோம்பேறி அச்சடித்தான். எங்கள் வாத்தியார் அதைத் துணியால் துடைத்துக் காட்டினார். ஹட்டன் டீச்சர் அதே எட்டைத் தன் தாளில் எழுதி வைத்திருந்தார். இத்தனை பேரில் ஒருவராவது சோசர் காலியாகும்வரை கலக்கிப் பார்த்ததில்லை.

மேசையின் அந்த முனையிலிருந்து டீச்சர் கேட்டுக்கொண்டு வந்தார். ஒருத்தி கிளாஸைக் கவிழ்த்துவிட்டு அழுதாள். ஒருவனுக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. மற்ற இருவரும் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். பிறகு என் பக்கத்துப் பையன்.

"எத்தனை?"

"பத்தும் கரைஞ்சிருச்சு டீச்சர்," என்றான் அவன். முகமெல்லாம் சந்தோஷம். "இன்னும் குடுத்தீங்கன்னா இன்னும் கரையும்."

"வடிவா எண்ணினனீரோ?"

"ஆமாங்க டீச்சர். நீங்களே கரண்டிய விட்டுப் பாருங்க, அடியில ஒன்னுமே இல்ல."

டீச்சர் கரண்டியைத் தொடவில்லை. "அப்பிடி இருக்கேலாது. பிழை" என்று தாளில் ஒரு கோடு போட்டார். பையன் கிளாஸைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். நானும் அவனைப்போலவே கலக்கியதை அவன் பார்த்திருந்தான். என் சோசரும் காலியாக இருந்தது. நான் சொன்னால் இரண்டு பேர் சொன்னதாகும். இரண்டு பேர் ஒரே விடையைச் சொன்னால் எந்த டீச்சராக இருந்தாலும் கரண்டியை ஒரு தடவையாவது விட்டுப் பார்ப்பார்.

"நீர் சொல்லும். எத்தனை?"

எனக்கு அக்காவின் விரல்கள் நினைவுக்கு வந்தன என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். பொய். எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அந்தத் தாளில் இருக்கும் விடை எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

"எட்டு, டீச்சர்," என்றேன். "ஒன்பதும் பத்தும் கரையாம அடியில நிக்கிது. இதுதான் நிரம்பிய கரைசல்."

"பாருங்கோ!" என்று டீச்சர் எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "பொறுமையாக் கவனிச்சுச் சொல்லுற பிள்ளை." என் கிளாஸுக்குள்ளும் அவர் கரண்டியை விடவில்லை. கறுப்புத் தண்ணீர் என் பொய்யைப் பத்திரமாக மூடி வைத்திருந்தது.

மத்தியானம் தலைமை ஆசிரியர் வாசலுக்கு வந்து என் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து கும்பிட்டார். வருகிற பள்ளித் தவணையில் கொண்டுவந்து விடச் சொன்னார்கள். அப்பா என் தலையில் கையை வைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஒரு பொய்க்காக அழுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் அந்தப் பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்தார்கள். அம்மாவின் கம்பளி நனைந்து நாறியது. கொஞ்ச தூரம் போனதும் பையன் சீட்டில் முட்டி போட்டு என் பக்கம் திரும்பினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். பொய்க்காரி என்று கத்தினால் திருப்பிக் கத்துவதற்குத் தயாராகவே இருந்தேன். அவன் முகத்தில் கோபமே இல்லை. சந்தேகம்தான் இருந்தது.

"ஒனக்கு எட்டுக்கு மேல கரையவே இல்லியா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றேன்.

"எனக்குப் பத்தும் கரைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. அடிவரைக்கும் துழாவிக்கூடப் பாத்தேன்."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். இந்த உலகத்தில் அத்தனை பேரையும் நையாண்டி செய்ய எனக்கு வாய் உண்டு. அன்று அந்தப் பஸ்ஸில் "எனக்கும் கரைஞ்சிச்சு" என்று மெதுவாக ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை. இடம் எனக்குத்தான் என்று ஆகிவிட்ட பிறகும் வரவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"அப்ப நாந்தான் சரியாப் பாக்கல போல," என்று சொல்லிவிட்டு அவன் கரண்டி பிடித்த தன் வலது கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அவன் அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். "ஒழுங்காப் பாத்துச் சொல்லியிருந்தா ஒனக்குல்ல கெடச்சிருக்கும். அந்தப் புள்ளயப் பாத்துக் கத்துக்க," என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, நல்ல மனதோடு சிரித்தார். நானும் சிரித்தேன்.